பாம்பன்: 7 அங்குல சிங்கிள் இழுத்துப் பாடுவது பற்றி

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதும் நீங்கள், ராக் குழுவின் 7 அங்குல சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய வினைல் இசைத்தட்டு) வாங்கினேன், நடு ஓட்டை பெரிது, பாட்டு இழுக்கிறது, கரகரக்கிறது என்கிறீர்கள். அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பெரிய ஓட்டைத் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 45 சுற்று. உங்கள் பிளேயர் எல்.பி.க்கான (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டு) 33 சுற்றில் நிற்கிறது, 45-க்கு மாற்றுங்கள். 1949-இல் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்த அந்த ஓட்டை சுமார் 38 மில்லிமீட்டர். அந்த ஓட்டையை அடைக்கும் அடாப்டர் வில்லை போட்டே ஓட்டுங்கள். குத்துமதிப்பாக மையம் வைத்தால் சுருதி அலையும். 12 அங்குல சிங்கிள் 45-ஆகவும் இருக்கும், 33-ஆகவும் இருக்கும், லேபிளைப் பாருங்கள்.

கரகரப்புக்கு முதலில் அழுக்கையும் பூஞ்சையையும் சந்தேகப்படுங்கள். கடலோர ஈரத்தில் அட்டை உறை சீக்கிரம் பூக்கும். போர் தண்ணீரில் மட்டும் கழுவவே கழுவாதீர்கள்! காய்ந்ததும் உப்பு வரிப்பள்ளத்தில் தங்கி, ஊசி அதன்மேல் ஓடும். டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு போதும். மைக்ரோஃபைபர் துணியால் வரியின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

பழைய உறையில் திரும்பப் போட்டால் பூஞ்சையும் திரும்பும். உள் உறையைப் புதிதாக மாற்றுங்கள். நிமிர்த்தி வையுங்கள். தகரக் கூரைச் சூட்டில் சாய்த்து வைத்த தட்டு வளைந்துவிடும்.