மாடல் ஃபைலை மட்டும் அனுப்பினா போதுமா?

கேள்வி: நாங்க பைத்தான்ல மாடல் (பழைய டேட்டாவைப் பார்த்துக் கத்துக்கிட்டு கணிச்சுச் சொல்றது) ட்ரெயின் பண்றோம், ஆனா லைவ் சிஸ்டம் ஜாவால ஓடுது. பிக்கிள் ஃபைலை (பைத்தான்ல மாடலை அப்படியே சேமிச்சு வெக்கறது) அனுப்பிட்டா முடிஞ்சுதுன்னு டீம்ல ஒருத்தர் சொல்றார், பிஎம்எம்எல் (எந்த மொழியிலயும் படிக்கற மாதிரி மாடலை எழுதி வெக்கற பொது ஃபார்மேட்) போங்கன்னு இன்னொருத்தர், கிரிஸ்ப்-டிஎம் (டேட்டா மைனிங் வேலைக்கான வழிமுறை) ஃபாலோ பண்றோமே அது போதாதான்னு மேனேஜர் கேக்குறார். யார் சொல்றதைக் கேக்கறது?

பதில்: மேனேஜர் கேட்டதை முதல்ல முடிச்சுடலாம். கிரிஸ்ப்-டிஎம், டைம்லர்-பென்ஸ், என்சிஆர் மாதிரி கம்பெனிங்க சேர்ந்து 1996-ல ஆரம்பிச்சது. பிசினஸ் தேவையைப் புரிஞ்சுக்கறதுல தொடங்கி டிப்ளாய்மென்ட் வரைக்கும் 6 கட்டமா வேலையை எப்படிச் செய்யணும்னு சொல்லும். மாடல் எந்த ஃபார்மேட்ல கைமாறணும்னு சொல்லாது. அதனால அது மட்டும் போதாது.

பிக்கிள் உங்களுக்கு சரிப்படாது. அது பைத்தானுக்குன்னே இருக்கற ஃபார்மேட், லைப்ரரி வெர்ஷன் மாறினா பைத்தானுக்குள்ளயே தகராறு பண்ணும், அதோட யார் கொடுத்ததுன்னு தெரியாத பிக்கிளைத் திறந்தா உள்ள ஒளிச்சு வெச்ச கோடும் சேர்ந்து ஓடிடலாம்.

ஆனா என் கவலை அதைவிடப் பெருசு. உதாரணத்துக்கு, ட்ரெயினிங்ல கஸ்டமரோட வயசு காலியா இருந்தா 35-ன்னு நிரப்பினீங்க, அது தெரியாம ஜாவா டீம் 0 போட்டுட்டாங்கன்னு வைங்க, எரர் எதுவும் வராது, ஸ்கோர் (மாடல் தர்ற கணிப்பு) பாட்டுக்கு வந்துட்டே இருக்கும், தப்பா வரும், மாசக்கணக்கா யாருக்குமே தெரியாது. பிஎம்எம்எல் எனக்குப் பிடிச்சதே இதுக்காகத்தான். வெறும் எக்ஸ்எம்எல் ஃபைல்தான், ஆனா டேட்டா டிக்‌ஷனரிங்கற பகுதியில என்னென்ன ஃபீல்டு, என்ன டைப், எந்த மதிப்பெல்லாம் செல்லும்னு இருக்கும், ஃபீல்டை மாடல் எப்படி எடுத்துக்கணும்னு சொல்ற மைனிங் ஸ்கீமாங்கற பகுதியில காலியா வந்தா 35 போடுன்னு எழுதிடலாம், ஸ்கேலிங் (எண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர்றது) மாதிரி மாத்தங்களும் கூடவே போயிடும்.

உங்க மாடல் டீப் லேர்னிங்னா (பல அடுக்கு நியூரல் நெட்வொர்க்) ஓஎன்என்எக்ஸ்ங்கற இன்னொரு பொது ஃபார்மேட் பக்கம் போங்க, 2017-ல ஃபேஸ்புக்கும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்தது, ஜாவாலயும் ஓட்டலாம். டிசிஷன் ட்ரீ, ரிக்ரஷன்னா பிஎம்எம்எல்லே தாராளம், ஜேபிஎம்எம்எல் லைப்ரரிங்களை வெச்சு பைத்தான்ல எடுத்து ஜாவால ஓட்டிடலாம்.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. பிஎம்எம்எல்ல மாடல் வெரிஃபிகேஷன்னு ஒரு பகுதி இருக்கு, அதுல சில சாம்பிள் ரெக்கார்டும் அதுக்கு வரவேண்டிய ஸ்கோரும் வெச்சே அனுப்பலாம், ஜாவா பக்கம் லோடு பண்ணதும் அதே விடை வருதான்னு பார்த்துக்கலாம். வயசு காலியா இருக்கற ரெக்கார்டு ஒண்ணையும் அதுல கண்டிப்பா சேருங்க.