சூரியப் புயலால் கரண்ட் போகுமா? அரசுகள் என்ன செய்கின்றன?

போகும். ஏற்கெனவே போயிருக்கிறது. 1989 மார்ச் 13, விடியற்காலை 2.45 மணி வாக்கில், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் ஏழு கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 90 விநாடிக்குள் மாகாணமே இருட்டு. சுமார் 60 லட்சம் பேர். பெரும்பாலானோருக்குக் கரண்ட் திரும்ப ஒன்பது மணி நேரம் ஆனது.

சூரியன் வீசியெறியும் மின்னேற்றத் துகள்களின் திரள்தான் சூரியப் புயல். அது பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும்போது தரையில் மின்னோட்டம் உண்டாகிறது. கியூபெக்குக்கு அடியில் இருப்பதோ மின்சாரத்தை எளிதில் கடத்தாத பழம்பாறை. அதனால் அந்த மின்னோட்டம் எர்த் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஏறி, நீண்ட மின்தடங்களில் ஓடியது. திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. மின்சாரத்துக்கென்று செய்த டிரான்ஸ்ஃபார்மருக்கு, ஒரே திசையில் ஓடும் டி.சி. போன்ற இந்த ஓட்டம் ஒத்துக்கொள்ளாது.

சரி, தடுக்க வழி? பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, சூரியன் பக்கம் செயற்கைக்கோள்களைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அவை தரும் அவகாசம் பெரும்பாலும் 15 முதல் 60 நிமிடம்தான். அதற்குள் பராமரிப்பு வேலையை நிறுத்தி, கழற்றிவைத்த தடங்களை மறுபடி இணைத்து, சுமையைக் குறைக்கலாம். அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது என்பதால், அமெரிக்கா 2015-லேயே தேசியத் திட்டம் வெளியிட்டது. மின் நிறுவனங்கள் தங்கள் டிரான்ஸ்ஃபார்மர்கள் தாங்குமா என்று கணக்கிட்டுப் பார்ப்பதும் அங்கே கட்டாயம்.