பனிமலைப் பயணமும் கேமராச் செலவும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: பிப்ரவரியில் குடும்பத்துடன் காஷ்மீரின் குல்மார்க் சென்று ஒரு வாரம் பனிச்சறுக்கு பழக இருக்கிறோம். நான் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவன். என்னிடம் இருப்பது சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கேனான் கேமரா. "குளிருக்கு இது தாங்காது, ஈரம் புகாத புதிய கேமராவும், பனியில் விழும் நீல நிறத்தைப் போக்க லென்ஸின் முன் மாட்டும் யூவி ஃபில்டரும் வாங்கியே ஆக வேண்டும்" என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா? (வங்கி ஊழியர், கோவை)

பதில்: இரண்டுமே வேண்டாம். கேமராவுடன் வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இயங்கு வெப்பநிலை என்று ஒரு வரி இருக்கும். கேனான், நிக்கான், சோனி நிறுவனங்களின் பெரும்பாலான மாதிரிகளுக்கு அது 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. ஃபுஜிஃபில்ம், ஓஎம் சிஸ்டம் உள்ளிட்ட சில நிறுவனங்களின் சில மாதிரிகளுக்கு மைனஸ் 10 வரை. கடைக்காரர் பரிந்துரைக்கும் புதிய கேமராவின் கையேட்டிலும் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் 0 என்றே இருந்தால், குளிரைக் காரணம் காட்டிப் புதிதாக வாங்குவதில் பொருளே இல்லை. ஈரம் புகாத அமைப்பு நல்லதுதான் என்றாலும், நீர் புகுந்த பழுதைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதில்லை என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

நடைமுறையில் குளிரில் முதலில் கைவிடுவது பேட்டரிதான். லித்தியம் அயன் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாவதால், பாதி மின்சாரம் இருக்கும்போதே கேமரா அணைந்துவிடும். அதே பேட்டரியைக் கழற்றிச் சட்டையின் உள்பையில் சிறிது நேரம் வைத்திருந்தால் மறுபடியும் வேலை செய்யும். எனவே உங்கள் பணத்தில் சிறு பகுதியை நிறுவனத்தின் அசல் பேட்டரிகள் இரண்டுக்குச் செலவிடுங்கள். மற்றொரு ஆபத்து, வெளியே குளிர்ந்த கேமராவை அறையின் சூட்டுக்குள் அப்படியே கொண்டு வருவது. காற்றிலுள்ள ஈரம் லென்ஸின் மீதும் உள்ளேயும் முத்து முத்தாகப் படியும். வெளியில் இருக்கும்போதே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, அறைக்குள் வந்த பின் அது சூடேறும் வரை திறக்காமல் இருந்தால் போதும். மெமரி கார்டை வெளியிலேயே எடுத்துக்கொண்டால் அன்றைய படங்களைப் பார்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

யூவி ஃபில்டர் ஃபிலிம் காலத்துப் பொருள். டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. பனியின் நிழற்பகுதி நீலமாகத் தெரிவதற்குக் காரணம், அந்த நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம் என்பதே. யூவி ஃபில்டர் அதை மாற்றாது, மாற்றவும் வேண்டாம். பனி சாம்பல் நிறமாகப் பதிவதுதான் உண்மையான சிக்கல். எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சம் உள்ளதாகவே எடுத்துக்கொண்டு ஒளியைக் கணிக்கும் கேமரா, வெண்பனியையும் அந்த அளவுக்கு இருட்டாக்கிவிடுகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற அமைப்பை பிளஸ் 1 முதல் ஒன்றே முக்கால் வரை ஏற்றி, படத்தின் வெளிச்ச அளவுகளைத் திரையில் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை.

வேறு கேமராவோ நீண்ட லென்ஸோ வேண்டும் என்றே தோன்றினால் வாடகைக்கு எடுங்கள். முன்பணம் எவ்வளவு, நீர் புகுந்தாலோ கீழே விழுந்து உடைந்தாலோ யார் பொறுப்பு, இழப்பு எந்த விலையில் கணக்கிடப்படும் என்பவற்றை எழுத்தில் வாங்குவதோடு, கடையிலேயே லென்ஸின் முன், பின் கண்ணாடிகளையும் அது கேமராவில் பொருந்தும் உலோக வளையத்தையும் கைப்பேசியில் வீடியோ எடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது: பனிச்சறுக்குப் பழகும் முதல் நாட்களில் எல்லோரும் விழுவார்கள், எனவே அந்த நாட்களில் கேமரா விடுதியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: படங்களைத் திருத்த லைட்ரூமுக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா, அல்லது ஒரே முறை பணம் கட்டும் மென்பொருளை வாங்கலாமா? இலவச மென்பொருள்களும் இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு பயணங்களில்தான் படம் எடுக்கிறேன். விற்பனைப் பக்கத்தில் சலுகை முடிய இன்னும் சில மணி நேரமே என்று கடிகாரம் ஓடுகிறது. (அதே வாசகர்)

பதில்: முதலில் அந்தக் கடிகாரத்தைப் பற்றி. இல்லாத அவசரத்தை உண்டாக்கி வாங்கவைப்பது, மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுள் ஒன்று. எளிதில் விலக முடியாதபடி சந்தாவில் சிக்கவைப்பது இன்னொன்று. உண்மையான சலுகையே ஆனாலும், நீங்கள் இன்னும் எடுக்காத படத்தைத் திருத்த இன்று மென்பொருள் எதற்கு?

சந்தா எடுப்பவர் மாதத் தொகையைப் பார்ப்பதற்கு முன் விலகும் விதியைப் படிக்க வேண்டும். லைட்ரூமை விற்கும் அடோபி நிறுவனத்தின் ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டுபவர், முதல் 14 நாட்களுக்குப் பின் விலகினால், மீதமுள்ள மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். இந்த விலகல் கட்டணத்தை வாடிக்கையாளர் கண்ணில் படாதபடி வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டி, அமெரிக்க அரசு 2024 ஜூனில் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. "மாதந்தோறும்" என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, வேண்டாதபோது நிறுத்திவிடலாம் என்று எண்ணுபவர்கள் நம்மிடையிலும் நிறையப் பேர். வங்கி வழியாகத் தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வர வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தகவலைக் கண்டதும் வங்கியில் அனுமதியை ரத்து செய்யலாம். ஆனால் பணம் போவதை நிறுத்துவதும் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதும் வேறு வேறு என்பதால், நிறுவனத்தின் கணக்குப் பக்கத்திலும் முறைப்படி விலகி, அதற்கான மின்னஞ்சலைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.

சந்தா முடிந்தபின் உங்கள் உழைப்பு என்ன ஆகும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா தீர்ந்த பின்னும் படத் தொகுப்பைத் திறந்து பார்க்கலாம், ஏற்கெனவே திருத்திய படங்களை ஜேபெக்காக வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் பூட்டிக்கொள்ளும். கேமரா பதப்படுத்தாமல் சேமித்த அசல் படங்களான ரா கோப்புகள் உங்கள் வட்டில் அப்படியே இருக்கும். ஆனால் செய்த திருத்தங்களை மற்ற மென்பொருள்கள் முழுமையாகப் புரிந்துகொள்ளாது.

ஒரே முறை பணம் கட்டுவதும் எப்போதும் நிம்மதி தருவதில்லை. 2015-இல் வந்த லைட்ரூம் 6 அப்படி விற்கப்பட்ட கடைசிப் பதிப்பு. 2017 இறுதியோடு அதற்கான புதுப்பிப்புகள் நின்றுவிட்டதால், பின்னர் வந்த புதிய கேமராக்களின் ரா கோப்புகளை அது திறக்காது. அவற்றை டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றித் தரும் இலவசக் கருவியை அடோபியே கொடுப்பதால், அதை வைத்திருப்பவர்கள் இன்னும் சமாளிக்க முடிகிறது. இலவசமும் நிலையானதன்று. கூகுள் 2016-இல் இலவசமாக்கிய படத் திருத்தத் தொகுப்பான நிக் கலெக்‌ஷன், அடுத்த ஆண்டே டிஎக்ஸ்ஓ நிறுவனத்துக்குக் கைமாறி, 2018-இல் மறுபடியும் விலைக்கு வந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த படத் திருத்த மென்பொருள் அஃபினிட்டியோ, கேன்வா நிறுவனம் அதை வாங்கிய பின் 2025 அக்டோபரில் இலவசமானது. நாளை என்னவாகும் என்பது அந்த நிறுவனத்தின் வசதியைப் பொறுத்தது. நிரல் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்படும் திறந்த மூல மென்பொருளான டார்க்டேபிள், ராதெரபி இரண்டுக்கும் அந்தக் கவலை இல்லை.

உங்களுக்கு என் பரிந்துரை இது. கேனான் கேமரா வைத்திருக்கும் நீங்கள், அந்த நிறுவனமே இலவசமாகத் தரும் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனலில் தொடங்குங்கள். நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ இருக்கிறது. பனிப் படத்துக்குத் தேவையான வேலை மிகக் குறைவு. முதலில் வெளிச்சத்தைச் சற்று ஏற்ற வேண்டும். பிறகு வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெண்சமநிலைக்கான சொட்டான் குறியை வெயில் படும் பனியில் வைத்துச் சொடுக்க வேண்டும். நிழலில் உள்ள பனியில் சொடுக்கினால் படம் முழுவதும் மஞ்சளடித்துவிடும். நிழலின் நீலத்தைக் கொஞ்சம் விட்டுவைத்தால்தான் அது பனியாகத் தெரியும். ரா கோப்பில் இவற்றை எத்தனை முறை மாற்றினாலும் அசலுக்குச் சேதமில்லை. செயற்கை நுண்ணறிவால் படத்தின் புள்ளிக் குறைகளை நீக்கும் வசதிக்காகவே பலர் இப்போது சந்தாவுக்குப் போகிறார்கள். பளிச்சென்ற பனிவெளியில், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100, 200 என்ற குறைந்த அளவில் எடுத்த படத்தில் நீக்குவதற்கு அந்தக் குறையே இருக்காது. மாதந்தோறும் திருமணங்களுக்குப் படம் எடுப்பவருக்குச் சந்தா நியாயமான செலவு. ஆண்டுக்கு இரண்டு பயணம் போகிறவருக்கு அது தண்டம்.

இலவசக் கருவியில் கை பழகிய பின்னும் குறை தெரிந்தால், டார்க்டேபிளைப் பாருங்கள். பழகக் கடினமானது, ஆனால் ஆழமானது. அதிலும் மனம் நிறையாவிட்டால் லைட்ரூமின் ஏழு நாள் சோதனைக் காலத்தைப் பயன்படுத்தலாம். அதைப் பயணத்திற்கு முன் தொடங்காமல், ஊர் திரும்பிப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஏழாம் நாள் தானாகச் சந்தாவாக மாறிவிடும் என்பதால், ஆறாம் நாளுக்குள் முடிவு செய்துவிட வேண்டும்.

கேள்வி: குல்மார்க் சுற்றுலாவுக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்கிறார் முகவர். "கோண்டோலாவின் (கம்பிவடத் தொங்கு வண்டி) இரண்டாம் கட்டப் பயணமும் பனிச்சறுக்கும் உண்டு, எக்காரணத்தாலும் பணம் திருப்பித் தரப்படாது" என்று சீட்டில் இருக்கிறது. பனியே பெய்யாவிட்டால் என்ன செய்வது? (ஆசிரியை, மதுரை)

பதில்: இது வெறும் கற்பனைக் கவலை அன்று. 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலும் பனியின்றிக் காய்ந்து கிடந்தது; 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே பனி போதாமல் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டன. ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்திலுள்ள அஃபர்வத் மலை வரை செல்லும் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம், காற்று பலமாக வீசும் நாட்களில் நிறுத்தப்படுவது வழக்கம். பனி பெய்யாததற்கு முகவர் பொறுப்பாக முடியாது. ஆனால் தான் வாங்காத கோண்டோலாச் சீட்டுக்கும் நடத்தாத பயிற்சிக்கும் உரிய பணத்தை அவர் வைத்துக்கொள்வது சேவைக் குறைபாடு; "எக்காரணத்தாலும்" என்று அச்சடித்துவிட்டதால் அது சரியாகிவிடாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகளை நியாயமற்றவை என்று எதிர்க்க, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

பணம் கட்டுவதற்கு முன்பே, விடுதி, வண்டி, கோண்டோலா, பயிற்சி ஆகியவற்றின் கட்டணங்களைத் தனித்தனியே காட்டும் ரசீதைக் கேளுங்கள். மொத்தத் தொகை மட்டும் இருந்தால், எதற்கு எவ்வளவு திரும்ப வர வேண்டும் என்று பின்னால் நிறுவுவது கடினம். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அதில் தீராவிட்டால், முகவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும்.

பயணக் காப்பீடு எடுப்பவர்கள் விலக்குகள் உள்ள பக்கத்தை முதலில் படியுங்கள். பனிச்சறுக்கு போன்ற சாகச விளையாட்டுகளில் ஏற்படும் காயத்தைப் பல காப்பீடுகள் ஏற்பதில்லை. அதற்குத் தனிச் சேர்க்கை வாங்க வேண்டும். குறிக்கப்பட்ட தடத்தைவிட்டு விலகிச் செல்வதைத் தவிருங்கள். 2024 பிப்ரவரியில் அப்படிப்பட்ட சரிவில் ஏற்பட்ட பனிச்சரிவில் ரஷ்யப் பயணி ஒருவர் இறந்தார்.

கேள்வி: இணையத்தில் ஒரு லென்ஸ் சந்தை விலையைவிட மிகக் குறைவாகக் கிடைக்கிறது. "விற்பனையாளர் வாரண்டி" என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? (மாணவர், திருச்சி)

பதில்: பெட்டியின் மீது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை கொண்ட ஒட்டுச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள், இறக்குமதிப் பொருளுக்கு அது சட்டப்படி கட்டாயம். இல்லையென்றால் அது முறையான வழியில் வராத சரக்கு, நிறுவனத்தின் சேவை மையம் வாரண்டியில் தொடாது. விற்பனையாளர் வாரண்டி என்பது அவர் கடை திறந்திருக்கும் வரை மட்டுமே.

கேள்வி: காஷ்மீர் விமானத்தில் கேமரா பேட்டரி கொண்டுபோக முடியுமா? (இல்லத்தரசி, சேலம்)

பதில்: முடியும். உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பதிவு செய்யும் பெட்டியில் கூடாது. ஒவ்வொன்றின் முனையிலும் உறையோ ஒட்டுநாடாவோ இருக்கட்டும். வழக்கமான கேமரா பேட்டரி 16 வாட்-ஹவர் அளவில் இருக்கும், விமான வரம்பு 100 என்பதால் அதில் சிக்கல் வராது. ஸ்ரீநகர் விமான நிலையம் விமானப்படைத் தளமும் ஆகையால் அங்கே படம் எடுக்கக் கூடாது; விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் ஜன்னல் வழியாக எடுப்பதும் அதில் அடங்கும்.