பதினான்காவது வாரம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 66. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு இன்றோடு 14 வாரங்கள் முடிகின்றன. தாங்களும் இதே சிகிச்சையைச் செய்துகொண்டதாகப் பழைய கட்டுரை ஒன்றில் ஒற்றை வரியில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மாலையானால் முழங்கால் வீங்கிவிடுகிறது; தொட்டால் இன்னும் சூடாக இருக்கிறது. 98 டிகிரிக்கு மேல் மடங்க மறுக்கிறது. இரவில் இரண்டு முறையாவது வலியால் விழித்துக்கொள்கிறேன். கடந்த வாரம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் பக்கத்து வீட்டு அம்மையார் அதே மருத்துவரிடம் அதே வாரத்தில் இதே சிகிச்சையைச் செய்துகொண்டவர். அவர் 6ஆவது வாரத்திலேயே கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார். "இன்னும் கொஞ்சம் முயன்றால் உங்களாலும் முடியும், அம்மா" என்று என் மகன் அன்பாகத்தான் சொல்கிறான். ஆனால் கேட்கும்போதெல்லாம் குற்றம் செய்தவள் போல் ஆகிவிடுகிறேன். பிசியோதெரபிஸ்ட் இரண்டு வேளை செய்யச் சொன்ன பயிற்சிகளை நானாகவே நான்கு வேளையாக்கினேன். வீக்கம்தான் கூடியது. இதைச் செய்துகொள்ளாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றத் தொடங்கிவிட்டது. தாங்கள் அந்த மாதங்களை எப்படிக் கடந்தீர்கள்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தைப் படித்ததும், என் 7ஆவது வாரத்தில் ஒரு பின்னிரவில் என் மனைவியை எழுப்பி, "இதைச் செய்துகொண்டதே தவறு" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் பதில் எதுவும் சொல்லாமல் ஐஸ் பையை எடுத்து வந்து துணியில் சுற்றி முழங்காலின் மேல் வைத்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அன்று அது எனக்குக் கோபத்தை வரவழைத்தது. அந்த நேரத்தில் செய்யத்தக்க ஒரே காரியத்தைத்தான் அவர் செய்தார் என்பது பின்னர்தான் புரிந்தது.

நான் மருத்துவன் இல்லை என்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வந்தாலோ, தழும்பிலிருந்து நீர் கசிந்தாலோ, சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றினாலோ, நேற்றுவரை தூக்க முடிந்த காலை இன்று நேராகத் தூக்க முடியாமல் போனாலோ, கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத்திணறலோ மார்வலியோ வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். தாங்கள் எழுதியிருப்பவற்றில் இவை எதுவும் இல்லை. இருப்பவை வேறு வகையானவை. அவற்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்வதற்கு இருக்கிறது.

"எல்லாம் சரியாக இருக்கிறது" என்று மருத்துவர் சொல்வதும், எதுவுமே சரியில்லை என்று தாங்கள் உணர்வதும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தங்களுக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். எக்ஸ்ரேயில் தெரிவது உலோகம் அமர்ந்திருக்கும் இடமும், அதன் கோணமும், எலும்போடு அது பொருந்தியிருக்கும் விதமும்தான். தொடைத் தசையின் வலிமை அதில் தெரியாது. அறுபட்ட நரம்பின் கிளை தெரியாது. இரவு எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்பது தெரியவே தெரியாது. மருத்துவர் தம் கையால் செய்த வேலையைப் பார்த்துச் சரி என்கிறார். அவர் கைபடாத வேலை மிச்சமிருக்கிறது, அதை உடல்தான் செய்தாக வேண்டும்.

மூட்டு மாற்று என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். பழுதான பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிவிட்டார்கள், இனி ஓட வேண்டியதுதானே என்று நாமும் எதிர்பார்க்கிறோம், வீட்டாரும் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. தொடை எலும்பின் கீழ் முனையையும் கால் எலும்பின் மேல் முனையையும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் செதுக்கி, அவற்றின் மேல் உலோகத்தைப் பொருத்தி, இடையே தேய்மானத்தைத் தாங்கக்கூடிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைக்கிறார்கள். உள்ளே குறுக்காக ஓடும் தசைநார்களில் ஒன்றையோ இரண்டையோ வழக்கமாக எடுத்துவிடுகிறார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குத் தோலையும் மூட்டின் உறையையும் பிளந்து, முழங்கால் சில்லை ஒதுக்க வேண்டியிருக்கிறது. எலும்பின் முகப்புதான் புதியது. அதைச் சுற்றியிருக்கும் தசையும் நரம்பும் தோலும் பழையவை. போதாக்குறைக்கு இப்போது காயம்பட்டவை.

இவற்றில் நம்மை அதிகம் சோதிப்பது முன்தொடைத் தசை. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அது தன் வலிமையில் பாதியை, சிலருக்குப் பாதிக்கும் மேல், இழந்துவிடுகிறது. தசை மெலிவது இதற்கு ஒரு காரணம் மட்டுமே. மூட்டுக்குள் நீர் கோத்து வீங்கியிருக்கும்போது, அங்கிருந்து செல்லும் நரம்புச் செய்திகள் அந்தத் தசையை இயங்கவிடாமல் தடுத்துவிடுகின்றன என்பது பெரிய காரணம். படுக்கையில் காலை நீட்டிக்கொண்டு, "தொடையை இறுக்குங்கள்" என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது நான் என் முழு மனத்தையும் திரட்டி இறுக்கினேன், தொடை அசையவில்லை. பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் சோம்பேறி இல்லை, அங்கே லைன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்" என்றார். அந்த மாதங்களில் எவரும் எனக்குச் சொன்ன சொற்களில் இதைவிட ஆறுதலானது வேறில்லை.

இதைத் தங்கள் மகனுக்குப் படித்துக் காட்டுங்கள். ஏனென்றால், தாங்கள் நான்கு வேளை பயிற்சி செய்து கண்டது இதைத்தான். அதிகம் செய்தீர்கள், வீக்கம் கூடியது. வீக்கம் கூடினால் தசை மேலும் அடங்கிப்போகும். அடங்கிப்போன தசையை வைத்துக்கொண்டு நடந்தால் மூட்டின் மேல் சுமை கூடி மாலையில் மறுபடியும் வீங்கும். முயற்சி போதவில்லை என்று எண்ணி மேலும் முயல்வது, தாங்கள் இப்போது இருக்கும் நிலையில், பின்னோக்கி நடப்பதாகவே முடிகிறது. என் 9ஆவது வாரத்தில் நானும் இதே தவற்றைச் செய்தேன். ஒரு நல்ல காலைப்பொழுதில் உற்சாகம் மிகுந்து, இருமடங்கு தூரம் நடந்து, மாடிப்படியையும் மூன்று முறை ஏறி இறங்கினேன். மறுநாள் முழங்கால் பந்து போல் இருந்தது. அடுத்த ஐந்து நாள்கள் போயின.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடித்த விதி ஒன்றுதான். பயிற்சியின்போது எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்து அன்றைய அளவைத் தீர்மானிக்காமல், மறுநாள் காலையில் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை வைத்து அடுத்த நாளின் அளவைத் தீர்மானித்தேன். காலையில் வீக்கம் முந்தைய காலையைப் போலவோ அதைவிடக் குறைவாகவோ இருந்தால் அதே அளவு, அல்லது மிகச் சிறிது கூடுதல். அதிகமாக இருந்தால் குறைத்தேன், ஆனால் அடியோடு நிறுத்தவில்லை. மூட்டை அசைத்து மடக்கி நீட்டுவதும், தசைக்கு வலுவேற்றும் பயிற்சியும், நடையும் வெவ்வேறு காரியங்கள். முதலாவதை எந்த நாளிலும் விடக் கூடாது. விட்டால் உள்ளே உருவாகும் தழும்புத் திசு இறுகி, மூட்டை விறைக்கச் செய்துவிடும். ஒரே மூச்சில் அரை மணி நேரம் மடக்கிப் போராடுவதைவிட, நாளில் பலமுறை இரண்டு மூன்று நிமிடங்கள் மென்மையாக மடக்கி நீட்டுவதை முழங்கால் பொறுத்துக்கொள்கிறது. குறைக்க வேண்டியது மற்ற இரண்டையும்தான்.

வீக்கத்துக்குக் காலை உயர்த்தி வைக்கும்போது பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்க வேண்டும். சாய்வு நாற்காலியில் அமர்ந்து முக்காலியின் மேல் காலை வைப்பதால் அதிகப் பயனில்லை. ஐஸ் பையை வெறும் தோலின் மேல் வைக்காமல் துணி சுற்றி 15 அல்லது 20 நிமிடங்கள் வையுங்கள். படுத்திருக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ள மிகவும் ஆசையாக இருக்கும், வைக்காதீர்கள். குதிகாலின் கீழ் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முழங்கால் தன் எடையால் தானே நேராகும்படி விடுங்கள். எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கேட்காதவர் இல்லை, முழுமையாக நீள்கிறதா என்று கேட்பவர் அரிது. ஆனால் முழுமையாக நீளாத கால்தான் ஒவ்வொரு அடியிலும் நொண்டும்.

98 டிகிரியைப் பற்றி. சமதரையில் நடப்பதற்கு 70 டிகிரி அளவு மடங்கினாலே போதும். படி ஏற இறங்க 90 அல்லது அதற்குச் சற்று மேல் தேவை. தாழ்வான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்க 100ஐத் தாண்ட வேண்டும். பலருக்கும் இறுதியில் 110 முதல் 120 வரை கிடைக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் முக்கியமானது, அறுவை சிகிச்சைக்கு முன் அந்தக் கால் எவ்வளவு மடங்கிக்கொண்டிருந்தது என்பது. 90க்கும் கீழே நின்றுபோனால், மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் பேசுவார்கள். தாங்கள் அந்த எல்லையைக் கடந்துவிட்டீர்கள். கடந்த நான்கு வாரங்களில் இந்த எண் ஒன்றிரண்டு டிகிரியாவது நகர்ந்திருக்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பதைத் தங்கள் பிசியோதெரபிஸ்ட் அறிவார், அதைக் கேளுங்கள்.

சூட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். காயம் ஆறும் வேலை உள்ளே நடக்கும்வரை, பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரைகூட, மற்றக் காலைவிட இது சூடாகவே இருக்கும். தழும்புக்கு வெளிப்புறத்தில் தோல் மரத்துப்போயிருந்தால், அங்கே ஓடும் சிறு நரம்புக் கிளையைத் துண்டிக்காமல் உள்ளே செல்வது அரிது என்பதே காரணம். நடக்கும்போது க்ளிக் என்று கேட்டால், அது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும் ஓசை.

இரவு தனிக் கதை. பகலின் அளவை மீறிய உழைப்பு இரவில்தான் கணக்குக் கேட்கிறது என்பதால், நான்கு வேளையை இரண்டாக்கினாலே தங்கள் தூக்கம் ஓரளவு திரும்பக்கூடும். வலி மாத்திரையை எந்த நேரத்தில் எடுத்துக்கொண்டால் இரவைக் கடக்க உதவும் என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு எந்தப் பரிசும் கிடையாது. விழித்தபின் உருண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து, வீட்டுக்குள் நான்கு அடி நடந்து, காலை மடக்கி நீட்டிவிட்டுப் படுப்பது எனக்கு உதவியது. செய்திருக்கலாமா, வேண்டாமா என்ற விசாரணையை மட்டும் அந்த நேரத்தில் நடத்துவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மையாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே மருத்துவர், ஒரே வாரம் என்பதைத் தவிர உங்கள் இருவருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. அவர் எத்தனை ஆண்டுகள் நொண்டிய பிறகு சிகிச்சைக்குப் போனார்? அவருடைய மற்ற முழங்கால் எப்படி இருக்கிறது? அவருக்கு மாற்றப்பட்டது முழு மூட்டா, அதன் ஒரு பாதி மட்டுமா? பாதி மூட்டு மாற்றப்பட்டவர்கள் பொதுவாக விரைவாகவே எழுந்து நடக்கிறார்கள். நான் அறுவை சிகிச்சைக்கு முன் ஏழு ஆண்டுகள் அந்தக் காலைக் காப்பாற்றிக் காப்பாற்றி நடந்தவன்; என் தொடை வலுவிழந்தது அந்த ஏழு ஆண்டுகளில். அதை 14 வாரங்களில் திருப்பிக் கேட்டது என் பேராசை. தங்களுக்கும் அப்படி ஒரு முன்கதை இருக்கும் என்றே ஊகிக்கிறேன்.

தங்களிடம் மறைக்க விரும்பாத ஒன்றும் உண்டு. இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், ஓராண்டு கடந்த பிறகும் தமக்குக் கிடைத்த பலனில் நிறைவு கொள்வதில்லை. அந்த ஒருவர் நான்தானோ என்ற அச்சம் தங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் இருக்கிறது. அதற்கான விடை 14ஆவது வாரத்தில் கிடைக்காது. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். பிறகு அது ஓராண்டு வரையும், மெல்லிய அளவில் அதற்கு அப்பாலும் தொடரும். தாங்கள் இப்போது நிற்பது வேகம் குறையும் வளைவில். நின்றுவிட்டதாகத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

நாள்தோறும் பார்த்தால் எதுவும் தெரியாது என்பதால், ஒரு குறிப்பேட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதிவந்தேன். டிகிரிக் கணக்கை எழுதவில்லை. "கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன், ஆனால் ஒரு படிக்கு ஒரு கால்" என்றோ, "நின்றுகொண்டே காலுறை அணிய முடிந்தது" என்றோ எழுதினேன். சில வாரங்களில் "ஒன்றுமில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். தொடர்ந்து மூன்று "ஒன்றுமில்லை"களும் உண்டு.

தாங்கள் விரும்பினால், பிசியோதெரபிஸ்டிடம் நான்கு வேளை செய்த உண்மையைச் சொல்லி, அவர் சம்மதத்துடன் பழைய இரண்டு வேளைக்குத் திரும்புங்கள். துணி தைப்பவர்கள் பயன்படுத்தும் நாடாவால் முழங்கால் சில்லின் நடுவே சுற்றளவை எழுந்தவுடன் ஒருமுறையும் படுக்கும் முன் ஒருமுறையும் அளந்து, இரண்டு வாரங்களுக்குக் குறித்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எக்ஸ்ரேயோடு அந்தத் தாளையும் அவர் மேசையில் வையுங்கள். எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவருகிறதா என்று பார்க்க எனக்கும் ஆவலாக இருக்கிறது.

அன்புடன்