வேனே வீடு, வேலைக்கு முகவரி எங்கே?

கேள்வி: நானும் மனைவியும் திருப்பூரில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பழைய டெம்போ டிராவலர் ஒன்றை கேம்பர் வேனாக மாற்றி அதிலேயே வாழ்கிறோம். ஏழு மாதமாகச் சிக்கமகளூரு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில், உரிமையாளர் சம்மதத்தோடு வண்டியை நிறுத்தியிருக்கிறோம். அருகிலுள்ள ரிசார்ட்டில் கணக்கு எழுதும் வேலை தருகிறார்கள். ஆனால் உள்ளூர் முகவரிச் சான்றும், பிணையாக என் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார்கள். ஊரில் சிலர், வண்டியில் குடியிருப்பதே சட்டவிரோதம், போலீஸில் சொல்வோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஊர்க்காரர்கள் சொல்வது சரியல்ல. இந்தியாவில் எங்கும் குடியேறவும், எந்தத் தொழிலும் செய்யவும் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு உரிமை தருகிறது. தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு நிற்கும் வண்டிக்குள் தூங்குவது குற்றமில்லை. சாலையோரம் என்றால் கதை வேறு. பொது இடத்தில் 10 மணி நேரம் ஆளில்லாமல் கிடக்கும் வண்டியை இழுத்துப் போக மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவு இடம் தருகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை: வண்டியின் ஆர்.சி. அதை எடுத்துப் பாருங்கள். இருக்கை எண்ணிக்கை 12 அல்லது 13 என்று இருக்கலாம். வண்டிக்குள்ளோ இரண்டு சீட், ஒரு கட்டில், ஒரு அடுப்பு. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் இப்படி மாற்றுவதை அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. தயாரிப்பாளரின் அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சிறை வரை போவது அபூர்வம். ஆனால் நாளை விபத்தோ தீயோ நேர்ந்தால், ஆர்.சி.யில் உள்ள வண்டி வேறு, எரிந்த வண்டி வேறு என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும்; உங்களுக்கோ அதுதான் வீடு. மோட்டார் கேரவன் என்று தனி வகையே விதிகளில் இருக்கிறது. உங்கள் வண்டியை அதற்குள் கொண்டுவர முடியுமா என்று பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். வேன் மஞ்சள் போர்டில், அதாவது வாடகை வண்டியாக, இருந்தால் பர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று) தலைவலியும் சேரும்.

இன்னொன்று: 47ஆவது பிரிவின்படி, 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம்தான். திருப்பூரில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, கர்நாடகத்தில் வரி கட்டி, தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் என்.ஓ.சி.யும் தேவை. எல்லை தாண்டிய அன்றைய ஃபாஸ்டேக் விவரம், டீசல் பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வண்டி எப்போது வந்தது என்ற கேள்வி எழுந்தால் அவைதான் சாட்சி.

முகவரிக்கு வருவோம். எஸ்டேட்காரர் வாடகை ஒப்பந்தம் போடத் தயங்கலாம். குடியிருப்பவர் பின்னால் நிலத்தில் உரிமை கேட்பாரோ என்ற பயம் அங்கே ஆழமானது. அவரிடம் லைசென்ஸ் ஒப்பந்தம் கேளுங்கள். 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டப்படி அது வெறும் அனுமதி. நிலத்தில் எந்தப் பங்கும் உங்களுக்கு வராது என்பதை அதிலேயே எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளோடு கிராமப் பஞ்சாயத்துக்குப் போய், ஆதார் ஆணையத்தின் படிவத்தில் சான்று கேளுங்கள். ஆதாரில் முகவரி மாறிவிட்டால் ரிசார்ட், வங்கி இரண்டுக்கும் அதுவே போதும்.

அசல் சான்றிதழ்களை மட்டும் கொடுக்காதீர்கள், ரசீது தந்தாலும் சரி. நேரில் காட்டிவிட்டு, கையொப்பமிட்ட நகல் கொடுங்கள். வேலையை விடும் நாளில் சம்பளப் பாக்கியும் சான்றிதழும் ஒரே மேஜை டிராயரில் மாட்டிக்கொண்ட வழக்குகள் என்னிடம் நிறைய வருகின்றன. பதிலுக்கு நீங்கள் நியமனக் கடிதம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. திருப்பூர் கம்பெனியில் பி.எஃப். பிடித்திருந்தால் பழைய யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள், புதிதாக எடுக்க விடாதீர்கள்.

வாக்காளர் பட்டியலுக்கு அவசரமில்லை. அங்கேயே தங்குவது என்று முடிவான பிறகு படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். கதவு எண் இல்லையே என்று தயங்க வேண்டாம். வீடில்லாதவர் பெயர் சேர்க்க விண்ணப்பித்தால், அவர் சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து பார்க்க வேண்டும் என்பதே தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. ஆனால் திருப்பூரிலும் சிக்கமகளூருவிலும் ஒரே நேரத்தில் பெயர் இருக்கக் கூடாது.