எலிக்கும் குதிரைக்கும் ஆகாதாமே, அக்கா?

கேள்வி: அக்கா, என் மகள் பிறந்தது 2002 ஜனவரி 20. தொண்டியில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருக்கிறார். 1996 ஆகஸ்டில் பிறந்தவர், ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஜோசியர் பத்துக்கு ஏழு பொருத்தம் என்றார். பூவும் வைத்தாயிற்று. இப்போது சிங்கப்பூர் ஷிப்யார்டில் இருக்கும் என் மகன் போன் பண்ணி, கூட வேலை பார்க்கும் சீனப் பெரியவர் கணக்குப் பார்த்தாராம், மாப்பிள்ளை எலியாம், தங்கச்சி குதிரையாம், இரண்டுக்கும் ஆகவே ஆகாதாம், நிறுத்துங்கள் என்கிறான். மாப்பிள்ளை வீட்டார் வைகாசியிலேயே முடிக்கச் சொல்கிறார்கள். இவள் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மகன் வெளிநாடு போன கடனே இன்னும் அடையவில்லை. தேவிபட்டினத்தில் பரிகாரம் செய்தால் தீருமா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
(பெயர் வேண்டாம், மண்டபம்)

பதில்: தங்கச்சி, முதலில் தூங்குங்கள். உங்கள் மகள் குதிரையே இல்லை.

சீனர்கள் பிறந்த வருஷத்துக்கு ஒரு மிருகம் வைத்துப் பார்க்கிறார்கள், பன்னிரண்டு மிருகங்கள் வரிசையாக மாறி மாறி வரும். ஆனால் அவர்கள் வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி பிறப்பதில்லை. அது நிலாக் கணக்கு. ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவே ஏதோ ஒரு நாளில் பிறக்கும். 2002-இல் குதிரை வருஷம் பிறந்தது பிப்ரவரி 12. உங்கள் மகள் அதற்கு 23 நாள் முந்திக்கொண்டாள். ஆகவே அவள் முந்தைய வருஷத்துப் பாம்பு. நம் கணக்கும் இப்படித்தானே? அந்தத் தை மாதம் பிறந்த பிள்ளையைச் சித்திரபானு வருஷம் என்று யாராவது எழுதுவார்களா? சித்திரை பிறக்கிற வரைக்கும் விஷு வருஷம்தான். மாப்பிள்ளை விஷயத்தில் குழப்பமில்லை. 1996-இல் எலி வருஷம் பிப்ரவரி 19-லேயே பிறந்துவிட்டது, ஆகஸ்டில் பிறந்தவர் எலிதான். அந்தச் சீனப் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் மகன் வருஷத்தை மட்டும் சொல்லி, தேதியை விட்டிருப்பான்.

'ஐயோ, பாம்பா? பாம்பு எலியை விழுங்கிவிடுமே' என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். அது நம் யோனிப் பொருத்தத்துப் புத்தி. நாம் நட்சத்திரத்துக்கு ஒரு மிருகம் வைத்து, பாம்புக்குக் கீரி பகை, எலிக்குப் பூனை பகை, பசுவுக்குப் புலி பகை என்று பார்க்கிறோம். சீனர்கள் யார் யாரைத் தின்பார் என்று பார்ப்பதில்லை. பன்னிரண்டு மிருகங்களையும் கடிகார முள் போல வட்டமாக நிறுத்தி, யார் யாருக்கு நேர் எதிரே நிற்கிறார் என்று பார்க்கிறார்கள். எலி நிற்பது வடக்கு, நடுராத்திரி, தண்ணீர். குதிரை நிற்பது தெற்கு, உச்சிவேளை, நெருப்பு. மண்டபத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். உங்களுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வாடை அடிக்கும்போது வடகடல் கொந்தளித்தால் தென்கடல் சும்மா கிடக்கும், காற்று திரும்பினால் அது மாறும். எலியும் குதிரையும் அந்த மாதிரி.

இப்படி நேர் எதிரே நிற்கும் ஜோடிகள் ஆறு: எலி–குதிரை, மாடு–ஆடு, புலி–குரங்கு, முயல்–சேவல், டிராகன்–நாய், பாம்பு–பன்றி. எல்லாமே ஆறு வருஷ வித்தியாசம். அதனால்தான் அங்கே ஆறு வயது இடைவெளி என்றாலே பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நான்கு, எட்டு வருஷ இடைவெளி நல்லது. எலிக்கு டிராகனும் குரங்கும் அப்படிச் சேரும். இவை போக, எலிக்கு மாடு தனி சிநேகம். பாம்புக்கு நேர் எதிரே நிற்பது பன்றிதான். எலியும் பாம்பும் அந்த வட்டத்தில் பக்கத்திலும் இல்லை, எதிரிலும் இல்லை. உறவும் கிடையாது, பகையும் கிடையாது. (பாம்பும் எலியும் ஒரே வளையில் என்று சீனர்களிடம் ஒரு சொலவடை உண்டு. அது கூட்டுக் களவாணிகளைச் சொல்வது. சம்பந்தி வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.)

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு அடுக்குமாடி புளோக் வீட்டில் இருந்தேன். எதிர் வீட்டில் ஒரு சீன ஆண்ட்டி. அவர் சமையலறைச் சுவரில் நாள்தோறும் கிழிக்கும் காலண்டர் தொங்கும். நம் காலண்டர் தாளில் இன்றைக்கு யாருக்குச் சந்திராஷ்டமம் என்று போட்டிருக்கும் அல்லவா? அதேபோல அவர் தாளில் இன்றைக்கு எந்த மிருகத்துக்கு ஆகாது என்று போட்டிருக்கும். யாராவது பிறந்த தேதி சொன்னால் கட்டைவிரலை விரல் கணுக்களில் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணுவார். ஆனால் எண்ணுவதற்கு முன்னால் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "புது வருஷத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" உங்கள் மகனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

அந்த ஆண்ட்டியின் மகன் 1969 சேவல். அவன் காதலித்துக் கொண்டுவந்த பெண் 1975 முயல். சுத்தமான நேர் எதிர். ஆண்ட்டி ஒரு மாதம் எங்களிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. அப்புறம் காலண்டரைப் புரட்டி, இரண்டு பேருக்கும் மோதாத நாளாக ஒன்றைப் பிடித்தார். கல்யாணத்தன்று மருமகள் படி தாண்டும் நேரம், தான் எதிரே வந்தால் ஆகாது என்று சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டார். நான் உள்ளே அவரோடு இருந்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும். இறால் ஓடு காலில் குத்துகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றார். பிறகு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மருமகள் மண்டியிட்டு நீட்டிய டீயை வாங்கிக் குடித்து, சிவப்பு உறையில் பணம் கொடுத்தார். அவ்வளவுதான் அந்த மோதல்.

நம் பக்கம் மட்டும் என்னவாம்? என் சின்ன நாத்தனாருக்கு ஆயில்யம், மாமியாருக்கு ஆகாது என்று மூன்று வரன் தட்டிப்போயிற்று. நான்காவதாக வந்தவருக்கு அம்மா இல்லை. உடனே முடித்தார்கள்.

தேவிபட்டினம் போக ஆசையென்றால் போய்வாருங்கள். கடலுக்குள் நிற்கும் அந்த ஒன்பது கற்களும் ஒன்பது கிரகங்களுக்கு. அதில் எலியும் இல்லை, குதிரையும் இல்லை.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மூன்று முறை படித்தேன். பூ வைக்கும்வரை வாய் திறக்காத மகன், வைகாசி என்றதும் திறந்திருக்கிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் கிடக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கு அது தோது, சொந்தபந்தம் எல்லாரும் கரையில் இருப்பார்கள். உங்களுக்கு? அப்பாவுக்குக் கூலி இல்லை, அரசாங்கம் தரும் 8,000 ரூபாய் நிவாரணம் பந்தலுக்குக்கூடப் போதாது. மொத்தச் செலவும் யார் தலையில் விழும்? கடன் அடையாதவன், அதுவும் லீவு கேட்டால் கிடைக்குமோ கிடைக்காதோ என்று இருப்பவன். 'அம்மா, என்னால் இப்போது முடியாது' என்று சொல்ல நம் பிள்ளைகளுக்கு நாக்கு எழாது. எலி, குதிரை என்று சொல்ல எழும். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலை இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். ஜாதகப் பேச்சை எடுக்காமல், 'ஆவணிக்குத் தள்ளிவைத்தால் உனக்குத் தோதுப்படுமா?' என்று மட்டும் கேளுங்கள். தொண்டிக்காரர்களிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் அண்ணன் தம்பி யாராவது இருந்தால் தாய்மாமன் முறையில் போய்ப் பேசட்டும்.

கேள்வி: என் மருமகளுக்கு ஆவணியில் பிரசவம். இது நெருப்புக் குதிரை வருஷமாம். பெண் பிறந்தால் நாளைக்கு அவளுக்கு வரும் புருஷனுக்கு ஆகாது என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது.
(ஒரு மாமியார், ராமேஸ்வரம்)

பதில்: வந்தது ஜப்பான் சரக்கு. சீனர்களின் பன்னிரண்டு மிருகம், ஐந்து பூதம் சேர்ந்து அறுபது வருஷச் சுற்று. நம் பிரபவ, விபவ மாதிரிதான். அதில் நெருப்புக் குதிரை அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும். போன முறை 1966, இந்த முறை 2026 பிப்ரவரி 17-இல் பிறந்தது. ஜப்பானில் 1965-இல் 18 லட்சத்துக்கு மேல் பிறந்த குழந்தைகள், 1966-இல் 13 லட்சத்து 60 ஆயிரமாகக் குறைந்தன. பயந்துபோய்ப் பிள்ளை பெறுவதைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த வருஷமே 19 லட்சத்தைத் தாண்டியது. அந்த 1966-இல் பிறந்த பெண்களுக்கு இந்த வருஷம் அறுபது நிறைகிறது. நம் ஊராக இருந்தால் மணிவிழாவுக்குப் பத்திரிகை அடித்திருப்பார்கள். நீங்கள் அந்த வாட்ஸ்அப்பை மருமகளிடம் காட்டாமல் இருந்தால் போதும்.

கேள்வி: நம் ஜோசியமே நமக்குப் போதும். சீனாக்காரன் சங்கதியை ஏன் நம் கடற்கரைக்குக் கொண்டுவருகிறீர்கள்?
(பெரியபட்டினம் வாசகர்)

பதில்: உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! 1980-களில் உங்கள் ஊர் மண்ணைத் தோண்டியபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் வந்தனவே, ஐயா. நான் கொண்டுவரவில்லை. கப்பலில் வந்து எழுநூறு வருஷம் ஆகிறது.

கேள்வி: நான் 2011 மார்ச்சில் பிறந்தேன், சீனக் கணக்குப்படி முயல். எனக்குப் பூனைதான் பிடிக்கும். பன்னிரண்டில் பூனை ஏன் இல்லை?
(பத்தாம் வகுப்பு மாணவன், தங்கச்சிமடம்)

பதில்: மிருகங்கள் ஆற்றைத் தாண்டும் போட்டியன்று எலி பூனையை எழுப்பாமல் விட்டதாம். எலி மட்டும் மாட்டின் முதுகில் ஏறிப் போய், கரை வந்ததும் குதித்து முதலிடம் வாங்கியதாம். அது கதை. நீ கவலைப்படாதே. வியட்நாமிலும் இதே பன்னிரண்டுதான், ஆனால் மாட்டுக்குப் பதில் எருமை, முயலுக்குப் பதில் பூனை. அங்கே போனால் நீ பூனை.