எங்கள் பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு ரக்பி அணியின் வரலாற்றை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

"முதன்முதலில் யார் தொடங்கி வைத்தார்" என்பதிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். யாரோடு ஆடினார்கள் என்று தேடுங்கள். பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன்.

நான் மும்பையில் சயான் பக்கம் வளர்ந்தவன். அப்பா தூத்துக்குடியிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். நான் படித்த ஆண்கள் பள்ளியில் 1993 முதல் மூன்று மழைக்காலங்கள் ரக்பி அணி ஒன்று இருந்தது. மழைக்காலம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜூனில் மழை இறங்கியதும் மும்பையில் கிரிக்கெட் மட்டைகள் பரணுக்குப் போய்விடும். சேறான மைதானம் ரக்பிக்குத்தான் தோது, விழுந்தால் வலிக்காது. அந்த அணியில் நான் ஹூக்கர். ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியினரும் தோள் கோத்து முட்டித் தள்ளும் கூட்டத்தில், நடுவில் நின்று பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவன். குள்ளமாக இருந்ததால் கிடைத்த பதவி.

பல ஆண்டுகள் கழித்துப் பள்ளி ஒரு மலர் வெளியிட்டது. அதில் எங்கள் அணியின் படம். கீழே, "பல கோப்பைகளை வென்ற நம் ரக்பி வீரர்கள்" என்று ஒரு வரி. நாங்கள் வெளி அணிகளோடு ஆடியதே மொத்தம் மூன்று ஆட்டங்கள். மூன்றிலும் தோற்றோம். முதல் ஆட்டம் 27-0. அந்தப் படத்துக்குப் பிறகு வருகிறேன்.

பள்ளி மலர்கள் இப்படிப் பெருமை பேசுவது புதிதல்ல. இந்த விளையாட்டின் பிறப்புக் கதையே அப்படி வந்ததுதான். இங்கிலாந்தில் ரக்பி என்ற ஊரிலுள்ள பள்ளியில், 1823-ல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் கால்பந்து ஆடும்போது பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான், ரக்பி பிறந்தது என்பார்கள். உலகக் கோப்பைக்கே அவர் பெயர்தான். ஆனால் இந்தக் கதை அச்சில் வந்தது 1876-ல், பள்ளிப் பத்திரிகையில். எழுதியவர் மாத்யூ ப்ளாக்ஸம் என்ற பழைய மாணவர். அவரும் நேரில் பார்த்தவர் அல்லர். எல்லிஸ் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். 1895-ல் பழைய மாணவர் சங்கம் விசாரணை நடத்தியது. கண்ணால் கண்ட ஒருவரும் கிடைக்கவில்லை. ஆனாலும் 1900-ல் பள்ளிச் சுவரில் கல் பதித்துவிட்டார்கள். கல்லில் எழுதிய பிறகு யார் மறுத்துப் பேசுவார்கள்?

எனக்குப் பிடித்த தேதி 1845 ஆகஸ்ட் 28. அன்றுதான் அந்தப் பள்ளியின் மூத்த மாணவர்கள் மூவர் எழுதிய 37 விதிகள் ஏற்கப்பட்டன. எழுதியவர்கள் ஆசிரியர்கள் அல்லர், மாணவர்கள் என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன் விதி என்பது வாய்மொழி வழக்கம்தான். ஒரு விடுதி ஒரு பக்கம், மீதிப் பள்ளி மொத்தமும் மறுபக்கம் என்றுகூட ஆடியிருக்கிறார்கள். மற்றப் பள்ளிகளில் அவரவருக்கு ஒரு கால்பந்து, அவரவருக்கு ஒரு விதி. பிறகு எப்படி மோதுவது? படிப்பை முடித்த பையன்கள் பல ஊர்களுக்குப் போய் மன்றங்கள் தொடங்கிய பிறகுதான் பொது விதி அவசியமானது. 1871 ஜனவரியில் 21 மன்றங்கள் லண்டனில் ஓர் உணவகத்தில் கூடிச் சங்கம் அமைத்தன. அப்போது அணிக்கு இருபது பேர். 1877-ல்தான் பதினைந்து பேரானார்கள்.

எதிரணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கல்கத்தாவில் 1872 கிறிஸ்துமஸ் அன்று ஆங்கிலேயர்கள் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் மறுபக்கமும் நின்று ரக்பி ஆடினார்கள். அடுத்த மாதமே மன்றம் தொடங்கினார்கள். ஐந்தாண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆள்பலம் தந்த படைப்பிரிவு ஊரைவிட்டுப் போனது, மன்றத்தில் இலவச மதுவும் நின்றது. மிச்சமிருந்தவர்கள் போலோவுக்கும் டென்னிஸுக்கும் போய்விட்டார்கள். (எது முதல் காரணம் என்பதில் எனக்குத் தனிக் கருத்து உண்டு.) வங்கியில் மிஞ்சிய பணத்தை வெள்ளி ரூபாய்களாக வாங்கி, 270 நாணயங்களை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்புகள், மூடிமேல் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்றுவரை மோதுவது அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான். அணி செத்தது, கோப்பை வாழ்கிறது.

இதற்கு நேர் எதிர் இலங்கை. கண்டியிலிருந்து மும்பைக்கு வந்து என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், ஆண்டுக்கு இரண்டு நாட்கள் மட்டும் யாரோடும் பேசமாட்டார். கைப்பேசியில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருப்பார். கொழும்பு ராயல் கல்லூரிக்கும் கண்டி டிரினிட்டி கல்லூரிக்கும் நடக்கும் பிராட்பி கேடயப் போட்டி. 1945-ல் தொடங்கியது. கொழும்பில் ஓர் ஆட்டம், கண்டியில் ஓர் ஆட்டம். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம். ரக்பியை அவர் 'ரகர்' என்பார். டிரினிட்டி அணியின் வரலாற்றை அவர் சொல்லத் தொடங்கினால் பாதிக்கு மேல் ராயலைப் பற்றிய வசவாகவே இருக்கும். வரலாறு என்றால் எனக்கு அதுதான். வைய ஆள் வேண்டும்.

இந்தியாவில் நம் பள்ளிகளுக்கு அப்படி ஓர் ஆள் வாய்த்தது குறைவு. ரக்பி வெள்ளைக்காரர்களின் மன்றங்களிலும் ராணுவ முகாம்களிலும் இருந்தது; 1947-க்குப் பிறகு ஆட ஆளில்லை. கொல்கத்தாவில் ஆர்மீனியன் கல்லூரி, லா மார்ட்டினியர் போன்ற சில பள்ளிகள் பிடித்துக்கொண்டன. தேசியச் சங்கம் 1968-ல் வந்தது. இந்திய அணி முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியதே 1998-ல்தான். மும்பையில் பாம்பே ஜிம்கானா என்ற மன்றம்தான் எல்லாம். எங்கள் டிரில் மாஸ்டர் சனிக்கிழமைகளில் எங்களை ரயிலில் வி.டி. நிலையத்துக்கு (இன்றைய சி.எஸ்.எம்.டி.) கூட்டிப்போய், ஃபேஷன் ஸ்ட்ரீட் துணிக்கடைகளுக்குப் பின்னாலிருக்கும் ஜிம்கானா வேலியருகே நிறுத்திவிடுவார். உள்ளே பெரியவர்கள் சேற்றில் புரள்வார்கள். அதுதான் எங்களுக்குப் பாடம்.

அவரிடம் ஒரே ஒரு பந்து. தோல் உரிந்து, நாலு நாள் நனைந்த தேங்காய் மாதிரி கனக்கும். கபடி ஆடிய தாராவிப் பையன்கள் ஒரே வாரத்தில் டாக்கிள் கற்றுக்கொண்டார்கள். தொடையைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கஷ்டம் பாஸில்தான். பந்தைப் பின்னோக்கித்தான் வீச வேண்டும் என்றால் கால்பந்துக்காரன் மனம் ஏற்காது.

எங்களுக்கு வாய்த்த எதிரணி, தென் மும்பையில் ஒரு பள்ளி. மூன்றாம் ஆட்டத்தில் ஒரு டிரை போட்டோம், அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினோம், 19-5. தோற்றவர்கள் மாதிரியா வீட்டுக்குப் போனோம்! அதே ஆட்டத்தில் என் காறை எலும்பு முறிந்தது. அணி அதனால்தான் கலைந்தது என்று நண்பர்கள் இன்றும் என்னைக் குற்றம் சொல்கிறார்கள். உண்மை வேறு. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி ரக்பியை நிறுத்திக்கொண்டது. நாங்கள் எங்களுக்குள்ளேயே ஏழு ஏழாகப் பிரிந்து கொஞ்ச நாள் ஆடினோம். ஆகஸ்டுக்குள் அலுத்துவிட்டது.

ஆகவே உங்கள் பள்ளியின் அலமாரியை மட்டும் நம்பாதீர்கள். எதிர்த்து ஆடிய பள்ளியின் ஆண்டு மலரைத் தேடிப் பிடியுங்கள். அவர்கள் உங்கள் தோல்வியை மறந்திருக்கமாட்டார்கள். கணக்குப் பிள்ளையிடம் பஸ் வாடகை வவுச்சர்கள் இருந்தால் எந்த நாள் எங்கே போனார்கள் என்று தெரிந்துவிடும். பழைய ஸ்கோரைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு டிரைக்கு இன்று ஐந்து புள்ளி. ஆனால் அது 1992-க்குப் பிறகு. அதற்கு முன் நான்கு, 1971-க்கு முன் மூன்று. இன்னும் பின்னால் போனால் டிரைக்குப் புள்ளியே கிடையாது. கோலை நோக்கி உதைக்க 'முயல'க் கிடைத்த உரிமை மட்டும்தான், அதனால்தான் அந்தப் பெயர். 1960-களின் மலரில் 9-0 என்று இருந்தால் அது மூன்று டிரையாக இருக்கலாம். இன்றைய கணக்கில் பதினைந்து.

இனி அந்தப் படம். எடுத்தது 1995 செப்டம்பரில். பதினான்கு பேர்தான் வந்திருந்தோம். பதினைந்தாவதாக நிற்பவன் ஃபுட்பால் கோல்கீப்பர், சட்டை இரவல். என் கை தூளியில் தொங்குகிறது. புகைப்படக்காரர், முன்னால் ஒரு கோப்பை இருந்தால்தான் படம் நிறைவாக இருக்கும் என்றார். டிரில் மாஸ்டர் தலைமையாசிரியர் அறைக்குப் போய், கண்ணாடி அலமாரியிலிருந்து ஹாக்கி கோப்பை ஒன்றை எடுத்துவந்து தரையில் வைத்தார். பிறகு குனிந்து, எழுத்து பொறித்த பக்கம் எங்களைப் பார்க்கும்படி திருப்பிவைத்தார்.

உங்கள் பள்ளிப் படத்திலும் கோப்பை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.